நில எடுப்பு விசாரணை அஞ்சே நிமிஷம், ஆர்டர்ல ஒரே வரி. இதுக்கு பேரு விசாரணையா?

காட்டுக்காரன்:
வணக்கம். அப்பா பேர்ல இருக்கற ரெண்டு ஏக்கர, கிணத்தோட சேத்து, எடுக்கறோம்னு 2013 நில எடுப்பு சட்டத்துல நோட்டீஸ் வந்துச்சு. ஆட்சேபணை எழுதி குடுத்தோம். பக்கத்துலயே புறம்போக்கு சும்மா கெடக்கு, அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி எடுத்தா கிணறு தப்பிச்சிரும்னு ஸ்கெட்ச் போட்டும் குடுத்தோம். விசாரணை அன்னைக்கு ஆபீசர் மரியாதையாதான் பேசினார், ஆனா அப்பா கிணத்த பத்தி சொல்லிட்டு இருக்கும்போதே அடுத்த சர்வே நம்பர கூப்பிட்டுட்டாங்க, அவரு பேச்ச பாதியில விட்டுட்டு எந்திரிச்சு வந்தாரு. இப்ப "ஆட்சேபணை பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்படுகிறது"ன்னு ஒரே வரியில ஆர்டர். பக்கத்து காட்டுக்காரருக்கும் அதே வரிதான், சர்வே நம்பர் மட்டும் வேற. பணம் எவ்ளோ வரும்னு நான் கேக்கல. நேர்ல கேட்டவர் ஒருத்தர், முடிவு எடுத்தது மேல யாரோ, அவங்க அந்த ஸ்கெட்ச பாத்தாங்களான்னே தெரியல. இது செல்லுமா?

சட்டப்பித்தன்:
கேக்கறவர் ஒருத்தர் முடிவெடுக்கறவர் இன்னொருத்தர்ங்கறத மட்டும் வச்சு ஒண்ணும் பண்ண முடியாது சார், சட்டமே அப்படித்தான் இருக்கு. 15வது பிரிவுல 60 நாளுக்குள்ள ஆட்சேபணை குடுக்கணும், கலெக்டர் உங்கள நேர்ல கேட்டு ரிப்போர்ட் எழுதி அரசுக்கு அனுப்பணும், முடிவு அரசோடது. அதனாலதான் அந்த ரிப்போர்ட் அவ்ளோ முக்கியம். மேல இருக்கறவங்க உங்க அப்பாவ பாக்கல, அவங்க கையில இருக்கறது அந்த பேப்பர் மட்டும்தான், அதுல கிணறே இல்லன்னா அப்பா பேசினது அவங்களுக்கு போய் சேரவே இல்லன்னுதான் அர்த்தம். சண்டிகர்ல ஐடி பார்க்குக்கு எடுத்த நிலத்துல இதே பிரச்சனைதான், ஆட்சேபணைய ஒழுங்கா பாக்காம இயந்திரத்தனமா தள்ளி விட்டுட்டாங்கன்னு சுப்ரீம் கோர்ட் 2012ல அந்த எடுப்பையே ரத்து பண்ணுச்சு. அது பழைய 1894 சட்டத்துல 5ஏ விசாரணை, இப்ப 15வது பிரிவு அந்த எடத்துல இருக்கு.

மண்வெட்டி:
2024ல சுப்ரீம் கோர்ட்ல வந்த கொல்கத்தா மாநகராட்சி கேஸையும் உங்க வக்கீல்கிட்ட சொல்லுங்க. அரசியல் சட்டத்துல சொத்துரிமை பத்தின 300ஏ பிரிவுக்குள்ள என்னென்ன உரிமை இருக்குன்னு அதுல ஏழா பிரிச்சு சொல்லிருக்காங்க, அதுல முதல் மூணு நோட்டீஸ், நம்ம பேச்ச கேக்கறது, காரணம் சொல்லி முடிவு எடுக்கறது. பணம் குடுத்துட்டோம்ல அப்புறம் என்னன்னு ஆபீஸ்ல கேப்பாங்க, அதுக்கு பதில் இதுல இருக்கு, முறைப்படி எடுக்கலன்னா இழப்பீடு மட்டும் அத சரி பண்ணிராது. ஒரு வரியில நிராகரிக்கறதுக்கு பேரு காரணமான்னு கேளுங்க, எனக்கு இத படிக்கறப்பவே வயிறு எரியுது.

வரப்போரம்:
தம்பி, எங்க நிலத்துக்கு நடந்தப்ப நாங்க பண்ண தப்ப நீங்க பண்ணாதீங்க. இன்னும் ஒரு தடவ மனு குடுப்போம், அடுத்த ஆபீசர் வரட்டும்னு ரெண்டு வருஷம் அலைஞ்சோம், கோர்ட்டுக்கு போனா அவார்டு, அதாவது இழப்பீட்டு ஆர்டர், போட்டு நிலத்தையும் கையில எடுத்தாச்சு, இவ்ளோ நாள் என்ன பண்ணீங்கன்னுதான் முதல் கேள்வியே வந்துச்சு. நிலத்த எடுக்கறதுன்னு முடிவா அறிவிக்கற 19வது பிரிவு அறிவிப்பு வந்துருச்சான்னு இன்னைக்கே பாருங்க. ஆர்டிஐ போட்டு விசாரணை பதிவு, கலெக்டர் ரிப்போர்ட், அரசோட ஆர்டர் மூணுக்கும் நகல் கேளுங்க, ஆனா அது வரட்டும்னு உக்காராதீங்க, வக்கீல இப்பவே பாருங்க. பணம் வாங்கினாலும் எதிர்ப்போட வாங்கறேன்னு எழுதி குடுத்துட்டு வாங்குங்க. நோட்டீஸ்ல சட்டத்தோட பேரையும் இன்னொரு தடவ படிங்க, நேஷனல் ஹைவே சட்டம்னா ஆட்சேபணைக்கு 21 நாள்தான்.

காட்டுக்காரன்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். நோட்டீஸ பாத்துட்டேன், 2013 சட்டம்தான், 19 இன்னும் வரல. ஸ்கெட்ச் குடுத்தப்ப ஆபீஸ்ல சீல் போட்டு தேதியோட குடுத்த காப்பி அப்பா ட்ரங்க் பெட்டியில இருந்துச்சு, அதுல கிணறு எங்க இருக்குன்னு அவரு கையாலயே செவப்பு பேனால வட்டம் போட்டு வச்சிருக்காரு. நாளைக்கு காலைல அத எடுத்துட்டு வக்கீல பாக்க போறோம்.