புது டயர் மாட்டியதிலிருந்து திரும்பும்போதெல்லாம் கீச் சத்தம், யாராவது சொல்லுங்கள்

மூணாவது கியர்:
வணக்கம். போன வாரம் புது டயர் மாட்டினேன். அன்றிலிருந்து திரும்பும்போதெல்லாம் கீச்சென்று கத்துகிறது. நான் வேகமாக ஓட்டுகிற ஆள் இல்லை. பழைய டயரில் இந்தச் சத்தமே கிடையாது. கோளாறு டயரிலா, வண்டியிலா? மூன்று நாளில் குடும்பத்தோடு வெளியூர் போக வேண்டும். சீக்கிரம் பதில் தேவை.

ஸ்டெப்னி:
என்ன வண்டி? என்ன அளவு டயர்? மாற்றியது நாலுமா இரண்டா? காற்று எவ்வளவு? எந்த மாதிரித் தரையில் கத்துகிறது? "கீச்" என்று மட்டும் சொன்னால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

நைட்ரஜன் நேசன்:
இருக்கிற காற்றை முழுசாக இறக்கிவிட்டு நைட்ரஜன் அடியுங்கள். என் வண்டியில் அப்படித்தான் சத்தம் நின்றது.

ரப்பர் துணுக்கு:
@நைட்ரஜன் நேசன், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் இருக்கிறது. அடித்தவர் அன்றைக்கு அளவு பார்த்து அடித்திருப்பார், அதனால் நின்றிருக்கும்.

வளைவு63:
திரும்பும்போது பிரேக்கில் கால் இருக்கிறதா? பிரேக் பேட் தேய்ந்தாலும் கீச்சென்றுதான் வரும். காலை எடுத்தால் நின்றுவிடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

பழைய ஸ்பேனர்:
இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. தேடிப் படிக்கிற பழக்கம் இப்போது யாருக்கும் கிடையாது. சரி, மறுபடியும் சொல்கிறேன். டயரின் பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் கட்டை, ஒவ்வொன்றும் தரையைப் பிடிக்கும், வளையும், பிடி விட்டு வழுக்கும், திரும்பப் பிடிக்கும். நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை இது நடக்கும்போது கேட்பதுதான் அந்தக் கீச். கரும்பலகையில் சாக்பீஸை நெட்டுக்குப் பிடித்து இழுத்தால் கத்துமே, அதே கதை. ரப்பர் கெட்டியாக இருந்தால் சத்தம் ஜாஸ்தி. டயரின் பக்கவாட்டில் டிரெட்வேர் என்று ஒரு எண் இருக்கும், 500, 600 என்றால் கல்லுக்குச் சமம். நீண்ட நாள் உழைக்கும் என்று ஆசைப்பட்டு அதை வாங்கிவிட்டு அப்புறம் இங்கே வந்து அழுவது.

ரப்பர் துணுக்கு:
முதல் பாதி சரி, ஸ்பேனர் அண்ணா. இரண்டாம் பாதியில் கொஞ்சம் நிதானம் வேண்டும். டிரெட்வேர் என்பது தேய்மானக் கணக்கு, கெட்டித்தன்மையை யாரும் அதில் அளப்பதில்லை. சோதனையைச் செய்து எண்ணைப் போடுவதும் அந்தந்தக் கம்பெனியேதான். ஒரு கம்பெனியின் 400ஐ இன்னொரு கம்பெனியின் 400ஓடு ஒப்பிட முடியாது. பக்கத்திலேயே டிராக்ஷன் ஏஏ, ஏ, பி, சி என்று ஒரு எழுத்து இருக்கும். அது ஈரத்தரையில் நேராகப் போய் பிரேக் அடிக்கும்போது கிடைக்கும் பிடிமானம் மட்டும்தான், வளைவில் எப்படி என்று அது சொல்லாது.

பழைய ஸ்பேனர்:
நான் டயர் கழற்ற ஆரம்பித்தபோது நீங்கள் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்திருப்பீர்கள்.

மூணாவது கியர்:
மன்னிக்கவும், அலுவலகத்தில் இருந்து அவசரத்தில் எழுதினேன். சின்ன ஹேட்ச்பேக், முன்சக்கரத்தில் இழுவை. முன்னால் இரண்டு மட்டும் மாற்றினேன். 185/65 ஆர்15, வண்டியோடு வந்த அதே அளவு. காற்று 44 பிஎஸ்ஐ, டயரிலேயே எழுதியிருக்கிறது. பிரேக்கில் கால் வைக்காமலே கத்துகிறது. அடித்தளப் பார்க்கிங்கில்தான் அதிகம். வெளியே ரோட்டில் வளைவில் லேசாக.

ஸ்டெப்னி:
ஐயோ. டயரில் எழுதியிருக்கும் 44, அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும், பெரும்பாலும் 30க்கும் 35க்கும் நடுவில். காற்று கூடினால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையில் உட்காரும், பிடிமானம் குறையும். குறைந்தாலும் வம்புதான், வளைவில் டயரின் தோள்பட்டை, அதாவது ஓரப்பகுதி, மடங்கி உரசிக் கத்தும். காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

வளைவு63:
பார்க்கிங் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். பெயின்ட் அடித்து மழமழவென்று இருக்கும் சிமென்ட் தரையில் நடக்கிற வேகத்தில் திரும்பினாலே எந்த டயரும் கத்தும். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டமும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டமும் போட வேண்டும். எந்த வண்டியிலும் அந்தக் கோணக் கணக்கு நூறு சதவீதம் பொருந்தாது. ஏதாவது ஒரு சக்கரம் கொஞ்சம் இழுபட்டே தீரும்.

நேர்கோடு:
அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணம், பார்த்தீர்களா? டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, விலகியிருந்தால் நேராகப் போகும்போதே இரண்டு சக்கரமும் ஒன்றோடு ஒன்று மல்லுக்கு நிற்கும். வீட்டிலேயே பார்க்கலாம். வண்டியை நிறுத்தி, டயரின் மேல் உள்ளங்கையை வைத்து உள்ளிருந்து வெளியே தடவுங்கள். அப்புறம் வெளியிலிருந்து உள்ளே. ஒரு பக்கம் வழவழ, மறுபக்கம் ரம்பப் பல் மாதிரி விரலில் தட்டினால் டோ போய்விட்டது என்று அர்த்தம். ஒரே வாரத்தில் புது டயரில் தெரியாது, கழற்றிய பழைய டயரில் தடவிப் பாருங்கள்.

அகலமே அழகு:
இவ்வளவு யோசனை எதற்கு? 185க்குப் பதிலாக 205 அகல டயர் போடுங்கள். அகலம் கூடினால் தரையில் படும் பரப்பு கூடும், பிடிமானம் கூடும், சத்தமும் போகும்.

ரப்பர் துணுக்கு:
பரப்பு பெரிதாகக் கூடாது. ஒரு சக்கரத்தின் மேல் 400 கிலோ, காற்று 32 பிஎஸ்ஐ என்றால் தரையில் படுவது ஏறக்குறைய 180 சதுர சென்டிமீட்டர், விரித்து வைத்த கை அளவு. டயர் 185 ஆனாலும் 205 ஆனாலும் அதே காற்றில் கிட்டத்தட்ட அதேதான். அகல டயரில் அந்தத் தடம் குட்டையாகவும் அகலமாகவும் மாறும், அவ்வளவுதான்.

அகலமே அழகு:
அப்படியென்றால் பந்தய வண்டிகளுக்கு ஏன் உரல் மாதிரி டயர் போடுகிறார்கள்? சும்மாவா?

ரப்பர் துணுக்கு:
வளைவில் குட்டைத் தடம் நன்றாக வேலை செய்யும். அகல டயரில் மென்மையான ரப்பர் போட்டாலும் சூடு பரவும், சீக்கிரம் தேயாது. அதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனால் தேங்கிய தண்ணீரில் அகல டயர் முன்னதாகவே மிதக்கும். பந்தயத்தில் மழை வந்தால் டயரையே மாற்றுகிறார்கள். நீங்களும் நாலு டயரை டிக்கியில் வைத்துக்கொண்டா ஓட்டப்போகிறீர்கள்?

பழைய ஸ்பேனர்:
உராய்வுக்கும் பரப்புக்கும் சம்பந்தம் இல்லை என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். இதில் விவாதம் வேறு.

அகலமே அழகு:
ரப்பர் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை அண்ணா. பாரம் கூடினால் அதே விகிதத்தில் ரப்பரின் பிடி கூடாது. இது எனக்கே தெரியும்.

ரப்பர் துணுக்கு:
இந்த ஒரு விஷயத்தில் அகலமே அழகு சொல்வது சரி.

மூணாவது கியர்:
ஸ்டிக்கரில் 33 இருந்தது, இறக்கிவிட்டேன். ரோட்டில் சத்தம் கொஞ்சம் குறைந்தது, பார்க்கிங்கில் அப்படியேதான். பழைய டயர் இரண்டையும் தடவிப் பார்த்தேன், ரம்பம் எதுவும் தட்டவில்லை. அவை கிட்டத்தட்ட மொட்டை, அதனால்தான் கழற்றினேன். இன்னொன்று, முந்தாநாள் மழையில் சிக்னலில் பிரேக் அடித்தபோது பெடல் கடகடவென்று காலை உதைத்தது, வண்டி கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. அப்போது கீச் சத்தம் வரவில்லை, அதனால் இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.

ரப்பர் துணுக்கு:
சம்பந்தம் இருக்கிறது. இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஈரத்தரையில் டயர் கத்தாது, தண்ணீர் நடுவில் வந்துவிடும், பட்டன் பிடித்து விடுகிற அந்த அதிர்வே எழாது. காய்ந்த ரோட்டில் கத்தி எச்சரிக்கும் டயர் மழையில் வாயைத் திறக்காமல் வழுக்கும். பெடல் உதைத்தது ஏபிஎஸ், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும் ஏற்பாடு. நிதானமாக ஓட்டியும் அது வேலை செய்தது என்றால் முன்டயர் பிடிக்கவில்லை. புது டயரில் தயாரிக்கும்போது வார்ப்பு அச்சிலிருந்து கழற்றுவதற்குப் பூசும் பொருள் ஒட்டியிருக்கும், முதல் சில நூறு கிலோமீட்டர் லேசாக வழுக்கலாம்தான். ஆனால் இந்த அளவுக்கா? டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று ஆரம்பிக்கும் வரியைப் பாருங்கள். கடைசி நாலு இலக்கம் என்ன?

மூணாவது கியர்:
ஒரு டயரில் 2217. இன்னொன்றில் காணோம்.

ஸ்டெப்னி:
அது உள்பக்கம் போயிருக்கும். முழு எண்ணை ஒரு பக்கத்தில்தான் போடுவார்கள். 2217 என்றால் 2017ஆம் ஆண்டின் 22ஆவது வாரம். இதை யார் புதுசு என்று விற்றது?

மூணாவது கியர்:
யாரும் விற்கவில்லை. சொந்தக்காரர் ஒருவர் வாங்கி மாட்டாமலே வைத்திருந்தார், வண்டியை விற்றுவிட்டதால் எனக்குக் கொடுத்தார். மாடியில் தகரக் கொட்டகையில் இருந்தது. சுற்றியிருந்த தாளைக்கூடப் பிரிக்கவில்லை. பட்டன் முழுசாக இருக்கிறது. ஓடாத டயர் புதுசுதானே?

ரப்பர் துணுக்கு:
ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். வெயிலும் சூடும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். தகரத்துக்கு அடியில் இத்தனை வருஷம் என்றால் கேட்கவே வேண்டாம். நகத்தால் பட்டனை அழுத்துங்கள், பின்டயரிலும் அதேபோல் அழுத்திப் பாருங்கள். பின்டயரில் நகம் லேசாக இறங்கி முன்டயரில் இறங்கவில்லை என்றால் விஷயம் முடிந்தது. பட்டன்களுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்தும் பாருங்கள். இந்த இரண்டு டயரோடு வெளியூர்ப் பயணம் வேண்டாம்.

பழைய ஸ்பேனர்:
கெட்டி ரப்பர் என்று முதலில் சொன்னது யார் என்று மேலே போய்ப் பார்க்கவும்.

ரப்பர் துணுக்கு:
நீங்கள் சொன்னது டிரெட்வேர்.

பழைய ஸ்பேனர்:
கெட்டி கெட்டிதான்.

அகலமே அழகு:
எப்படியும் மாற்றத்தான் போகிறார். 205 போட இதைவிட நல்ல நேரம் வராது.

நேர்கோடு:
மாற்றும்போது அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள்.

ஸ்டெப்னி:
இரண்டு மட்டும் வாங்கினால் புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள், பின்னால் இருப்பது முன்னால் வரட்டும். ஈரத்தில் முன்பக்கம் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், காலை எடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். பின்பக்கம் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும். @மூணாவது கியர், நகம் இறங்கியதா?

ஸ்டெப்னி:
@மூணாவது கியர், என்ன ஆயிற்று?

மூணாவது கியர்:
ஊருக்குப் போய் வந்துவிட்டோம். நகம் இறங்கவில்லை. உள்பக்கம் இருந்த எண்ணும் 2217தான். கிளம்புவதற்கு முந்தைய நாள் மாற்றிவிட்டேன், புதியது பின்னால், அதே 185. ரோட்டில் சத்தம் இல்லை. வழியில் நல்ல மழை, பெடல் உதைக்கவில்லை. பார்க்கிங்கில் மட்டும் இன்னும் கத்துகிறது. எல்லோருக்கும் நன்றி.

நைட்ரஜன் நேசன்:
புது டயரில் நைட்ரஜன் அடித்தீர்களா?