முன்பள்ளி ஊஞ்சலுக்கு மூன்று பைப் தேவை

முல்லைத்தீவுக் கரையோரத்தில், 2009 போரில் அழிந்த முன்பள்ளி முற்றத்தில் இரட்டை ஊஞ்சல் போடுகிறோம். தேவை: 2 அங்குல ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) 20 அடியில் மூன்று, ஆற்றுமணல் 4 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி), பழைய டயர் 6, வெல்டர் ஒருவர் இரண்டு நாளைக்கு.

கால் நான்கும் 10 அடி, அதில் 2 அடி கொங்கிறீற்றுக்குள். கடல்மணல் தர வேண்டாம், உப்பு பைப்பைத் தின்றுவிடும். வெல்டிங் சூட்டில் நாகப்பூச்சு எரிந்துபோகும், துரு அங்கேதான் தொடங்கும். ஒட்டிய இடத்தை உரசி நாகப் பெயின்ற் இரு தடவை அடிக்க வேண்டும். அத்திவார மேற்பரப்பு பைப்பிலிருந்து வெளிப்பக்கம் சரியட்டும். தண்ணீர் தேங்கினால் காலின் அடிப்பகுதி துருப்பிடித்து அறுந்துவிடும், மேலே பளபளவென்றிருக்கும்!

முன்னும் பின்னும் 15 அடி வெறுமையாக விட்டு, ஓரடி ஆழத்துக்கு மணல்.

டயர் எதற்கென்றால், இரண்டு ஊஞ்சல் இருக்கைக்கு. மிச்சம் சீசோ நுனிகளுக்கடியில் பாதி புதைக்க. இரும்பு நிலத்தில் 'டமார்' என்று அடித்தால் சில பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு குந்திவிடுகிறார்கள்.

இன்னொன்று: கண்ணிவெடி அகற்றிய சான்றிதழ் குறிப்பிட்ட ஆழம்வரைக்கும்தான். எங்கள் குழி இரண்டரை அடி. தோண்டுமுன் மறுபடி சோதிக்க யாரிடம் விண்ணப்பிப்பது, தெரிந்தவர்கள் சொல்லுங்கோ. அது முடியாமல் மண்வெட்டி வைக்கமாட்டோம்.