பலகார டப்பாவுல ஆர்கானிக் முத்திரை: வாங்கலாமா, விட்டுடலாமா?

சீப்புச்சீடை: காரைக்குடியில வீட்டுலயே பலகாரம் போட்டு வெளியூருக்கு அனுப்புறோம். சிங்கப்பூர்ல நம்ம சரக்கு எடுக்குற கடைக்காரர், ஆர்கானிக் சான்று இருந்தா தனி அடுக்குல வைக்கிறேன், விலையும் கூட்டிக்கலாம்னு சொல்றாக. மகன் வாங்குங்கறான். எனக்கு மனசு ஒப்பலை. விவரம் தெரிஞ்சவுக சொல்லுங்க.

செக்கடி: வாங்குங்க ஆச்சி. நான் மரச்செக்கு ஓட்டுறவன். இப்ப 'மரச்செக்கு'ன்னு எழுதாத எண்ணெய் டின்னே கடையில கிடையாது, எங்க ஆட்டுனதுன்னு கேட்டா பதில் வராது. நெசமா செய்யுறவன் தன்னைத் தனியாக் காட்டிக்க வேற என்ன வழி இருக்கு?

கணக்குப்பிள்ளை: செக்கடி அண்ணன் வேகமாப் போறாக. ஆச்சி, பல பொருள் சேர்ந்த பண்டத்துக்கு 'ஆர்கானிக்'னு போடணும்னா 95 சதவீதம் சான்று பெற்ற பொருளா இருக்கணும். உப்பும் தண்ணியும் கணக்குல வராது. சீப்புச்சீடைக்கு அரிசி மாவு, பருப்பு மாவு, தேங்காய்ப்பால், வெண்ணெய், அப்புறம் பொரிக்கையில சீடை குடிக்கிற எண்ணெய். ஒவ்வொண்ணுக்கும் சான்று கேப்பாக. திரிக்கிற மில்லுக்கும் உங்க அடுப்படிக்கும் தனி ஆய்வு. சாதா அரிசி திரிச்ச கல்லுலயே கழுவாம இதையும் திரிச்சா போச்சு. ஒரு தடவை வாங்கி மாட்டி வைக்கிற சமாச்சாரமும் இல்லை, வருசா வருசம் ஆய்வும் கட்டணமும் உண்டு. கல்யாண மாசத்துல சீர்ப் பலகாரம் போடுவீகளா, ரெஜிஸ்டர் எழுதுவீகளா?

வானம்பார்த்தான்: தேவகோட்டைப் பக்கம் கவுனி நெல் போடுறேன். ரசாயன உரமே கிடையாது, ஆனா ஏற்றுமதிச் சான்று வாங்கலை. சான்றுக்கு முன்னாடி நெல்வயல் ஆர்கானிக்குக்கு மாறுற காலமே 2 வருசம். அதுவரைக்கும் மகசூல் குறையும், ஆர்கானிக் விலையும் கிடைக்காது. பி.ஜி.எஸ்.னு விவசாயிகளே பங்கேற்கிற சான்று முறை இருக்கு, அதுல அஞ்சு விவசாயி குழுவாச் சேர்ந்து ஒருத்தர் வயலை ஒருத்தர் பார்த்துச் சான்று கொடுக்கலாம், செலவு கம்மி. ஆனா அது உள்நாட்டோட சரி. எஃப்எஸ்எஸ்ஏஐ, அதான் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், 2017ல போட்ட விதிப்படி, விளைவிச்ச சிறு விவசாயியே சாப்பிடுறவுக கையில நேரா வித்தா சான்று கட்டாயமில்லை. அப்புறம் எதுக்கு?

செக்கடி: நீங்க நல்லவர், சரி. அதே வாய்ச்சொல்லைத்தானே ஏமாத்துறவனும் சொல்றான்? 2024 அக்டோபர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் போட்டாச்சு. 'பசுமை', 'சூழலுக்கு உகந்தது'ன்னு சும்மா எழுத முடியாது, ஆதாரம் காட்டணும்.

கணக்குப்பிள்ளை: அதனால என்ன ஆகும்னா, ஒழுங்கா செய்யுறவனும் வம்பு எதுக்குன்னு எழுதாம விட்டுடுவான். பயந்து ஒதுங்குறவுகள்ல பாதிப் பேர் யோக்கியமானவுகதான்.

மஞ்சப்பை: எல்லாரும் மாவையே சுத்துறீங்க. ஆர்கானிக் சான்று விளைச்சலைப் பார்க்கும். பலகாரத்தை எத்தனை பிளாஸ்டிக்ல பொட்டலம் கட்டுறோம், மிச்ச எண்ணெயை என்ன பண்றோம்னு அதுல தெரியாது. திரும்பத் திரும்பக் காய்ச்சுனா எண்ணெய்ல சேருற கெட்ட பொருள், 'போலார் பொருள்'னு சொல்வாங்க, அது 25 சதவீதம் தாண்டினா சமையலுக்கு ஆகாதுன்னு விதி இருக்கு. அதையே மலிவா வாங்கிப் போற வடைக்கடையும் இருக்கு. காடு அழிக்காம பாமாயில் எடுக்கணும்னு ஆர்.எஸ்.பி.ஓ.ன்னு 2004லயே அமைப்பு வந்து சான்றும் கொடுக்குது. மலாயாவுல தோட்டம் வச்சிருந்த ஊரு இது, அந்த முத்திரையைக் கேட்டு வாங்குற ஒருத்தரை இங்க காட்டுங்க பார்ப்போம்.

சீப்புச்சீடை: நாங்க கடலை எண்ணெய்தான் தம்பி. மிச்சத்தை டீசலுக்கு எடுக்குறவுகளுக்குக் கொடுக்குறோம். உள்ளூர்ல யாரும் முத்திரை கேட்டதில்லை, "யாரு வீட்டுப் பலகாரம்?"னுதான் கேப்பாக. சிங்கப்பூர்ல கடைக்குள்ள நிக்கிற பிள்ளைக்கு என் வீடு தெரியாதே. கணக்குப்பிள்ளை சொன்னதைப் பார்த்தா சீடைக்கு இப்ப முடியாது. ஒரே பொருள்னா சமாளிக்கலாம். கவுனி அரிசி மாவை மட்டும் முதல்ல போட்டுப் பார்க்கலாம்னு தோணுது. ஏற்றுமதிச் சான்று உள்ள மில் மதுரைப் பக்கம் யாருக்காச்சும் தெரியுமா?

வானம்பார்த்தான்: அப்ப என் அரிசியை எடுக்க மாட்டீகளா ஆச்சி?

சீப்புச்சீடை: வீட்டுக்கும் உள்ளூர் ஆர்டருக்கும் உங்க அரிசிதான். சிங்கப்பூருக்குச் சான்று இருக்கிறவுககிட்டதான் வாங்க முடியும், கோவிச்சுக்காதீக.

செக்கடி: இதைத்தான் நான் முதல்லயே சொன்னேன்.

வானம்பார்த்தான்: நீங்க சொன்னது யாருக்கு லாபம்னும் இப்பத் தெரிஞ்சு போச்சு அண்ணே.