குச்சியில் வருகிற கணக்கு நோட்டில் வராதது ஏன்?

காரைக்குடி அம்மா:
மகள் மூன்றாம் வகுப்பு. ஈர்க்குச்சி வைத்து 52-ல் 27 போனால் 25 என்று சரியாகச் சொல்கிறாள். நோட்டில் 35 எழுதுகிறாள். இப்போது "தப்பாயிரும்" என்று பென்சிலையே தொட மாட்டேங்கிறாள். குச்சியை நிறுத்திடலாமா? வீட்டில் பல்லாங்குழி இருக்கு, அது உதவுமா?

தேவகோட்டை டீச்சர்:
நிறுத்தாதீங்க. 2-ல் 7 போகாது என்றதும் 7-ல் 2-ஐக் கழித்து 5 போட்டிருக்கிறாள், அதான் 35. பத்துக் குச்சி சேர்த்துக் கட்டிய கட்டைப் பிரிப்பதும் நோட்டில் 5-ஐ அடித்து 4 ஆக்குவதும் ஒரே வேலை என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

5 கட்டு, 2 உதிரி மட்டும் வையுங்க. 27-ஐத் தனியாக எடுத்து வைக்காதீங்க. தரையில் 79 குச்சி கிடந்தால் கழித்தலா கூட்டலா என்று குழம்பிவிடும். ஒரு கட்டை அவளே பிரிக்கட்டும். பிரித்த கையோடு 5-ஐ அடித்து 4, 2-ஐ அடித்து 12. அப்புறம் 7 உதிரியை எடுத்து 5 எழுதணும், 2 கட்டை எடுத்து 2 எழுதணும். குச்சியில் முழுசா முடித்துவிட்டு நோட்டுக்குப் போனால் விடையைத்தான் காப்பியடிப்பாள்.

கட்டுகளையும் அவளே எண்ணிக் கட்டணும். நாம் கட்டிக் கொடுத்தால் பத்துதான் இருக்கு என்று நம்பாமல் ஒவ்வொரு முறையும் பிரித்து எண்ணும். ஒரே நீளத்தில் நறுக்கிய 100 குச்சி, 10 ரப்பர் பேண்ட் போதும்.

பள்ளத்தூர்க்காரன்:
பல்லாங்குழி இதுக்குச் சரிப்படாது. 14 குழி, குழிக்கு 5 சோழி என்றால் 70; பெருக்கலுக்கும் சமமாகப் பங்கு போடுவதற்கும் அருமை. ஆனால் பத்து சோழியைச் சேர்த்து ஒன்றாக்கிப் பிரித்துக் காட்ட அதில் வழியில்லை. பெரிய சோழி பத்து, சின்னது ஒன்று என்பதெல்லாம் இப்போது வேண்டாம். பெரிய சோழியைப் பிரித்தால் உள்ளே பத்தா இருக்கு?

தேவகோட்டை டீச்சர்:
பயத்துக்கு ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. நோட்டில் தானாக வர ஆரம்பித்ததும் முறையை மாற்றுங்க: முதலில் நோட்டு, பிறகு குச்சி. தப்பா சரியா என்று நீங்கள் சொல்லாதீங்க, குச்சியைப் பார்த்து அவளே கண்டுபிடிக்கட்டும். நடுவில் சில நாள் குச்சிக்குப் பதில் படம்: பத்துக்கு ஒரு கோடு, ஒன்றுக்கு ஒரு புள்ளி.

காரைக்குடி அம்மா:
நன்றிங்க டீச்சர். அடுத்து எந்தக் கணக்கு கொடுக்க?

தேவகோட்டை டீச்சர்:
50-ல் 27. உதிரியே இல்லாததால் பூச்சியத்தைக் கண்டுக்காமல் 7-ஐ அப்படியே இறக்கி 37 எழுதும் பிள்ளைகள் நிறைய. குச்சியோடே ஆரம்பிங்க.