பகல்ல எடுத்த போட்டோவுல விளக்கு வெளிச்சம்: ரெடிமேட் ஓவர்லே போதுமா, கையாலதான் செய்யணுமா?

மேகலா_ப:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு வாரமா இதையே புடிச்சு தொங்கிட்டு இருக்கேன், கொஞ்சம் பாத்து சொல்லுங்க. என் தங்கச்சி வாசப்படியில உக்காந்து கையில லாந்தர் விளக்கு வச்சிருக்கற போட்டோ ஒண்ணு இருக்கு. எடுத்தது சாயங்காலம் நாலு மணி, நல்ல வெயில், விளக்கு எரியல. இத ராத்திரி மாதிரி ஆக்கி விளக்கு எரியற மாதிரி காட்டணும்னு ஆசை. போட்டோவ டார்க் பண்ணேன், கொஞ்சம் நீலம் ஏத்தினேன், நெட்ல கிடைச்ச கருப்பு பேக்ரவுண்ட் க்ளோ படம் (ரெடிமேட் ஓவர்லே) ஒண்ண மேல போட்டு ஸ்கிரீன் மோடுல, அதாவது கருப்பு மறைஞ்சு வெளிச்சம் மட்டும் கீழ சேர்ற மாதிரி வச்சேன். வெளிச்சம் வருது ஆனா ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி தனியா நிக்குது, க்ளோவ சுத்தி லேசா ஒரு சதுரம் வேற தெரியுது. இந்த மாதிரி எஃபெக்ட்டுக்கு ரெடிமேட் ஓவர்லே சரிப்படுமா, இல்ல லேயர் மாஸ்க் (மேல அடுக்கற லேயர்ல எந்த இடம் தெரியணும், எது மறையணும்னு சொல்ற திரை) எல்லாம் உக்காந்து கத்துக்கணுமா?

வேகம்77:
ஓவர்லே தாராளமா சரிப்படும். நீங்க எடுத்த ஓவர்லே மட்டமானது, அவ்வளவுதான் விஷயம். நல்ல ஓவர்லே ஒண்ணு போட்டா அரை நிமிஷ வேலை. இன்னும் ஈசியா வேணும்னா ஏஐ டூல்ல "ராத்திரி, விளக்கு எரியுது"ன்னு டைப் பண்ணுங்க, முகத்துல வெளிச்சம், சுவத்துல வெளிச்சம் எல்லாம் அதுவே போட்டுக்கும். பாக்கறவங்க எத்தன லேயர் போட்டீங்கன்னு எண்ணிட்டு இருக்க மாட்டாங்க, படம் எப்படி இருக்குன்னுதான் பாப்பாங்க. ஒரு வாரம் இதுக்கு செலவு பண்றது தேவையே இல்லாத சுமை.

லேயர்_பித்தன்:
வேகம், அந்த சதுரம் ஏன் வந்துச்சுன்னு அவங்க கேட்டாங்களே, அதுக்கு பதிலே சொல்லாம வேற ஓவர்லே மாத்துங்கன்னா அடுத்ததுலயும் இதேதான் வரும்.

மேகலா, ஸ்கிரீன் மோடு செய்யறது சின்ன கணக்கு. படத்துல ஒவ்வொரு புள்ளிக்கும் 0 (கருப்பு)ல இருந்து 255 (வெள்ளை) வரைக்கும் ஒரு எண் இருக்கும், ரெண்டு லேயரையும் தலைகீழாக்கி பெருக்கி மறுபடியும் தலைகீழாக்கும். மேல இருக்கறது சுத்த கருப்பா, அதாவது 0வா இருந்தா கீழ இருக்கறது அப்படியே நிக்கும், அதனாலதான் கருப்பு மறையுது. ஆனா நெட்ல கிடைக்கற ஓவர்லேல கருப்பு பெரும்பாலும் 0 இருக்காது, 15, 20ன்னு இருக்கும். உங்க ராத்திரி சுவரு 40ன்னு வச்சுக்குவோம், மேல 20 விழுந்தா 57 ஆயிடும், நீங்க பாக்கற சதுரம் அதுதான். ஓவர்லே லேயர்ல மட்டும் லெவல்ஸ் (கருப்பு, வெள்ளை எங்க ஆரம்பிக்கணும்னு மாத்தற டூல்) போட்டு கருப்பு ஸ்லைடர உள்ள தள்ளுங்க, சதுரம் போயிடும்.

ஸ்டிக்கர் மாதிரி தெரியறதுக்கு காரணம் வேற. நீங்க போட்டோ முழுக்க இருட்டாக்கிட்டு அதுக்கு மேல வெளிச்சத்த பூசுறீங்க. அத திருப்பி யோசிச்சு பாருங்க. உங்ககிட்ட பகல் போட்டோ இருக்கு, அதுல முகத்தோட விவரம், துணி மடிப்பு, விரல் எல்லாம் நல்லா வெளிச்சமா ஏற்கனவே இருக்கு. இருட்ட மட்டும் ஒரு கர்வ்ஸ் (வெளிச்சத்த ஏத்தி இறக்கற டூல்) லேயரா மேல போடுங்க, அதோட மாஸ்க்ல விளக்கு வெளிச்சம் எங்கெல்லாம் படுமோ அங்க கருப்பு பிரஷ்ஷால மெதுவா தடவுங்க, மாஸ்க்ல கருப்பு பட்ட இடத்துல அந்த லேயர் மறையும். இருட்டுல ஓட்டை போட்டா உள்ள இருந்து வெளிச்சம் தானா வரும். அந்த இடத்துக்கு மட்டும் ஆரஞ்சு கலந்த மஞ்சள ஒரு லேயர்ல போட்டு, கீழ இருக்கற படத்தோட மெதுவா கலக்கற சாஃப்ட் லைட் மோடுல வைங்க. வெளிச்சத்தோட நிறத்த கெல்வின்ல அளப்பாங்க, எண் குறைஞ்சா சிவப்பு கூடும்; எண்ணெய் விளக்கோட வெளிச்சம் சுமார் 1900 கெல்வின், பகல் வெளிச்சம் 5500 கிட்ட, அதனால அது நல்லாவே சிவந்துதான் இருக்கணும். க்ளோவ கடைசில போடுங்க, ஒரே பெரிய பிளரா போடாதீங்க. சுடர் மேல சின்னதா ஒரு வெள்ளை, அதோட காப்பிய கொஞ்சம் பிளர் பண்ணி ஒண்ணு, இன்னொரு காப்பிய ரொம்ப பிளர் பண்ணி ஒப்பாசிட்டி (எவ்வளவு அழுத்தமா தெரியணுங்கற அளவு) குறைச்சு ஒண்ணு.

நேர்க்காட்சி:
எனக்கு இந்த மொத்த பேச்சுமே புரியல. விளக்கு வெளிச்சம் வேணும்னா ராத்திரி விளக்க கொளுத்தி போட்டோ எடுங்க. கேமராவ ஸ்டாண்டுல வச்சு ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்த உணர்ற அளவு) ஏத்தினா இப்ப இருக்கற போன்லயே அழகா வரும். இல்லாத வெளிச்சத்த வரஞ்சு வச்சா அது ஓவியம், போட்டோ இல்ல.

மேகலா_ப:
எடுக்கலாம்தான் சார், ஆனா தங்கச்சி இப்ப வெளிநாட்டுல இருக்கா, அந்த வீட்டையும் காலி பண்ணிட்டோம். அவ அங்க உக்காந்திருக்கற போட்டோன்னு இருக்கறது அன்னிக்கு எடுத்த நாலஞ்சுதான். அதனாலதான் இவ்வளவு மெனக்கெடுறேன்.

லேயர்_பித்தன் சார், இருட்டுல ஓட்டை போடறது எனக்கு தோணவே இல்ல. இன்னிக்கு ராத்திரி முயற்சி பண்றேன்.

இருட்டறை_ராசு:
நேர்க்காட்சி தம்பி, நான் பிலிம் கழுவி பிரிண்ட் போட்டு வளந்தவன், அதனால சொல்றேன். இது கம்ப்யூட்டர் கொண்டு வந்த பழக்கம் இல்லப்பா. ஆஸ்கர் ரெய்லாண்டர் 1857லயே 30க்கும் மேல நெகட்டிவ சேத்து ஒரே படமா ஆக்கினாரு, அடுத்த வருஷமே ஹென்றி பீச் ராபின்சன் 5 நெகட்டிவ்ல ஒண்ணு செஞ்சாரு. போட்டோஷாப்ல டாட்ஜ், பர்ன்னு ரெண்டு டூல் இருக்கே, அதோட படத்த உத்து பாரு, ஒண்ணு குச்சியில ஒட்டின அட்டை, இன்னொண்ணு குவிச்ச கை. நெகட்டிவ பெருசாக்கி பேப்பர்ல விழவைக்கற என்லார்ஜர் வெளிச்சத்துக்கு கீழ நாங்க அதத்தான் ஆட்டிக்கிட்டு நிப்போம், ஒரு இடம் வெளுக்கணும்னா அட்டையால மறைப்போம், கருக்கணும்னா கைய குவிச்சு அந்த இடத்துக்கு மட்டும் வெளிச்சம் விடுவோம். இந்த பொண்ணு மாஸ்க்ல செய்யப் போறதும் அதேதான்.

நேர்க்காட்சி:
பழசுன்னா சரின்னு ஆயிடுமா அய்யா? நேஷனல் ஜியோகிராஃபிக் 1982 பிப்ரவரி இதழ்ல அட்டைக்கு நீளவாக்குல பொருந்தணும்னு கிசா பிரமிட கம்ப்யூட்டர்ல கிட்ட நகத்தி வச்சாங்க, எவ்வளவு பேச்சு வாங்கினாங்க. அவங்களும் சின்ன எஃபெக்ட்டுதானேன்னுதான் நெனச்சிருப்பாங்க. மேகலா நெலமை புரியுது, வீட்டுல மாட்டிக்கறதுக்கு செய்யட்டும், நான் தடுக்கல. ஆனா எடிட் பண்ணதுன்னு சொல்லிடணும். இன்னும் இருபது வருஷம் கழிச்சு பாக்கற குழந்தைங்க அன்னிக்கு ராத்திரி நெஜமாவே அப்படி உக்காந்திருந்தாங்கன்னு நம்பும், அதுதான் எனக்கு உறுத்துது.

வேகம்77:
லேயர்_பித்தன், நீங்க சொன்னது எல்லாம் சரியான விவரம், மறுக்கல. ஆனா நீங்களும் மங்கலாக்கற காஸியன் பிளர் பட்டனத்தான் அழுத்துறீங்க, ஒவ்வொரு பிக்ஸலையும் கையால கணக்கு போட்டு மங்கலாக்கலையே. அந்த பட்டன் நியாயம், ஏஐ பட்டன் மட்டும் குறுக்கு வழியா? போட்டோஷாப்ல லேயரே 1994ல 3.0லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி லேயர் இல்லாமயே கஷ்டப்பட்டு செஞ்சவங்களுக்கு உங்க லேயரே சோம்பேறித்தனமா தெரிஞ்சிருக்கும். டூல் மாறிக்கிட்டேதான் இருக்கும்.

லேயர்_பித்தன்:
அந்த கேள்வி நியாயமான கேள்வி. என் பதில் இது. பிளர் பட்டன அழுத்தும்போது என்ன நடக்கும்னு எனக்கு தெரியும், ரேடியஸ, அதாவது பிளர் பரவற தூரத்த, 10ல இருந்து 14 ஆக்கினா என்ன மாறும்னு முன்னாடியே சொல்ல முடியும். ஏஐ குடுக்கறதுல ஒரு இடம் தப்பா இருந்தா அந்த ஒரு இடத்த மட்டும் எப்படி திருத்துவீங்க? மறுபடியும் டைப் பண்ணி வேற படம் வாங்குவீங்க, அதுல இன்னொண்ணு தப்பா இருக்கும். இதுல வேகம் எங்க இருக்கு?

மேகலா_ப:
ரெண்டு பேர் சொன்னதையும் செஞ்சு பாத்தேன்.

முதல்ல ஏஐ. படம் பாக்க அவ்வளவு அழகா வந்துச்சு, ஒரு நிமிஷம் அதையே வச்சுக்கலாம்னு தோணிடுச்சு. அம்மாகிட்ட காட்டினேன், "யாரு இது, நம்ம பாப்பா மாதிரியே இருக்கே"ன்னு கேட்டாங்க. அப்பதான் உத்து பாத்தேன், மூக்கு கொஞ்சம் கூர்மையாயிடுச்சு, சிரிப்புல அவளுக்கு ஒரு பக்கம் மட்டும் ஏறும், அது நேராயிடுச்சு. எனக்கு மனசே விட்டுப்போச்சு, அழிச்சிட்டேன்.

அடுத்து மாஸ்க். சதுரம் போயிடுச்சு, முகத்துல வெளிச்சம் நெஜமாவே முகத்து மேல பட்ட மாதிரி வந்துச்சு. ஆனாலும் என்னமோ தப்பா இருக்கு, என்னன்னு புடிபடல. அதோட இருட்டாக்கினதும் வானத்துல பட்டை பட்டையா கோடு விழுது.

சுவடு:
இவ்வளவு நேரம் சும்மா படிச்சிட்டு இருந்தேன், நீங்க போட்ட படத்த பாத்ததும் சொல்லணும்னு தோணிச்சு. தப்பு விளக்குல இல்ல, தரையில இருக்கு. அவங்க காலுக்கு பக்கத்துல வலது பக்கமா கூர்மையா ஒரு நிழல் விழுந்திருக்கு பாருங்க, அது நாலு மணி வெயிலோட நிழல். விளக்கு அவங்க வலது கையில இருக்கு, அப்ப வலது பக்கம் தரைதான் இருக்கறதுலயே வெளிச்சமான இடமா இருக்கணும், நிழல் இடது பக்கம் போகணும். கண்ணு இத சட்டுனு புடிச்சிடும், வாயால சொல்லத்தான் தெரியாது. மூக்குக்கு கீழயும் அதே கதைதான், வெயில் மேல இருந்து அடிச்சதால நிழல் கீழ விழுந்திருக்கு, மடியில இருக்கற விளக்கு கீழ இருந்து அடிச்சா அது மேல போகணும். லேயர், ஓவர்லே, ஏஐ எத போட்டாலும் வெயில் நிழல் அப்படியே இருக்கற போட்டோ ராத்திரி ஆகாது. அன்னிக்கு எடுத்த மத்த படத்துல மேகம் மறைச்ச நேரத்துல எடுத்தது ஏதாவது இருக்கான்னு தேடுங்க. மங்கலான வெளிச்சத்துல எடுத்த படத்துல நிழல் கூர்மையா இருக்காது, நீங்க போடற நிழல்தான் அங்க நிழல்.

இன்னொண்ணு, சுவத்துக்கு இவ்வளவு வெளிச்சம் குடுக்காதீங்க. சின்ன விளக்கோட வெளிச்சம் தூரத்தோட வர்க்கத்துக்கு குறையும், 1 அடியில இருக்கறது 2 அடியில கால்வாசி, 3 அடியில ஒன்பதுல ஒரு பங்கு. மடி, கை, முகவாய், அப்புறம் முகம், சுவத்துல லேசா. இருட்டான இடத்துல நிறத்தையும் குறைங்க, இருட்டுல நம்ம கண்ணுக்கு நிறம் சரியா தெரியாது, வெறும் நீலத்த மட்டும் ஏத்தினா நீல கண்ணாடி போட்ட பகல் மாதிரிதான் இருக்கும்.

லேயர்_பித்தன்:
சுவடு சொன்னத நான் முதல்லயே கவனிச்சிருக்கணும், க்ளோவயே பாத்துட்டு தரைய விட்டுட்டேன். வானத்துல கோடு விழறது ஜேபெக்ல ஒரு சேனலுக்கு (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொண்ணுக்கும்) 256 படிதான் இருக்கறதால. அத இழுத்து இருட்டாக்கி திரும்ப காண்ட்ராஸ்ட் ஏத்தினா படிக்கு நடுவுல இடைவெளி தெரியும். வேலைய ஆரம்பிக்கும்போதே, இன்னும் நெறைய படி வச்சுக்கற 16 பிட்டுக்கு மாத்துங்க.

வேகம்77:
16 பிட்டுக்கு மாத்தினா இல்லாத படி புதுசா வந்துடாது, ஃபைல்ல இருக்கறது 256தான். இனிமே நீங்க பண்ற கணக்குல மேற்கொண்டு கெடாது, அவ்வளவுதான். கோடு மறையணும்னா வானத்துல 1 அல்லது 2 சதவீதம் நாய்ஸ் (பொடிப் புள்ளி) போடுங்க, ராத்திரி போட்டோல எப்படியும் கொஞ்சம் பொரி பொரியா இருக்கும், பொருந்தும்.

அப்புறம் முகம் மாறினத பத்தி. அது வருத்தமான விஷயம்தான், நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். ஏஐ கையில முழு படத்த குடுக்கக் கூடாது, தரையில வெயில் நிழல் இருக்கற இடத்த மட்டும் செலக்ட் பண்ணி அத எடுக்கச் சொல்லுங்க, முகம் செலக்‌ஷனுக்கு வெளியவே இருக்கட்டும். முடிச்சதும் அந்த துண்ட தனி லேயரா வச்சுக்கிட்டு மிச்சத்துக்கு ஒரிஜினலயே விடுங்க. பக்கத்து இடத்த காப்பி பண்ணி பூசற குளோன் டூல்ல அந்த நிழல அழிக்க ஒரு மணி நேரம் ஆகும், இதுல ஒரு நிமிஷம்.

லேயர்_பித்தன்:
தரைக்கு சரி, ஒத்துக்கறேன். முகத்துக்கு கிட்ட மட்டும் வேண்டாம். இலவச சாஃப்ட்வேர்லதான் வேலை பண்றீங்கன்னா மேகலா, 2025ல வந்த கிம்ப் 3.0ல ஃபில்டர அழியாத மாதிரி வைக்கலாம், பிளர் அளவ எப்ப வேணா திரும்பி வந்து மாத்திக்கலாம், இந்த மாதிரி வேலைக்கு அது ரொம்ப உதவும்.

மேகலா_ப:
மேகம் மறைச்ச நேரத்துல எடுத்தது ஒண்ணு கிடைச்சுது! அதுல அவ கேமராவ பாக்கல, விளக்க பாத்துட்டு இருக்கா, எனக்கு இதுதான் இன்னும் புடிச்சிருக்கு. கர்வ்ஸ்ல இருட்டு, நிறம் பாதிக்கு கீழ குறைச்சேன், மாஸ்க்ல ஓட்டை, ஒப்பாசிட்டி 10 சதவீதத்துல பிரஷ் வச்சு ரெண்டு மணி நேரம் தடவினேன். மூணு அடுக்கு க்ளோ. வானத்துல நாய்ஸ். சுவத்த கிட்டத்தட்ட இருட்டாவே விட்டுட்டேன். ஏஐ எங்கயும் போடல, வெயில் நிழலே இல்லாததால தேவைப்படல.

அம்மா பாத்துட்டு "இது எப்ப எடுத்தது, கரண்ட் போன அன்னிக்கா"ன்னு கேட்டாங்க. நேர்க்காட்சி சார், நீங்க சொன்னது அப்ப ஞாபகம் வந்துச்சு. எடிட் பண்ணதுன்னு சொல்லிட்டேன், பிரிண்ட் பின்னாடியும் எழுதி வச்சிருக்கேன், பகல் நாலு மணின்னு.

நேர்க்காட்சி:
எழுதி வச்சதுக்கு சந்தோஷம். ஒரிஜினலையும் அழிக்காம வைங்கம்மா. எனக்கு இன்னும் ஒரிஜினல்தான் பெருசு.

சுவடு:
ரொம்ப நல்லா வந்திருக்கு. விளக்கு கைப்பிடிய புடிச்சிருக்கற விரலோட நிழல் மட்டும் தாவணி மேல விழணும், இப்ப இல்ல. புது லேயர், மல்டிப்ளை மோடு (கீழ இருக்கறத கருக்க வைக்கும்), துணியோட நிறத்துலயே கொஞ்சம் கருத்தது எடுத்து விரலுக்கு கிட்ட கூர்மையாவும் தள்ளிப் போகப்போக பிளராவும் போடுங்க. சுத்த கருப்பு எடுக்காதீங்க.

மேகலா_ப:
இப்பதான் பாத்தேன், ஆமா இல்ல. நாலு விரலுக்கும் தனித்தனியா போடணுமா, இல்ல சேத்து ஒண்ணா போட்டா போதுமா?

வேகம்77:
சேத்து போடுங்க. துணி மடிப்பு இருக்கற இடத்துல எப்படியும் ஒண்ணாத்தான் கலங்கும்.

லேயர்_பித்தன்:
தனித்தனியா போடுங்க. சுடர் விரலுக்கு அவ்வளவு பக்கத்துல இருக்கும்போது நாலு விரலும் விரிஞ்சு வேற வேற பக்கம்தான் நிழல் விடும்.