கபசுரம், நிலவேம்பு: குடிச்சவங்க, லேப்ல பாத்தவங்க அனுபவத்த சொல்லுங்க

சானடோரியம்_பக்கம்:
2020 கொரோனா லாக்டவுன்ல தெரு முனையில ட்ரம்ல வச்சு கபசுரம் ஊத்துனாங்களே, ஞாபகம் இருக்கா? எங்க ஏரியாவுல நேஷனல் சித்தா இன்ஸ்டிடியூட் இருக்கறதால வீட்டுக்கு வீடு பொடி பாக்கெட்டு இருந்துச்சு. இப்போ மறுபடி ஆளுக்கு ஆள் இருமல், மாமியார் காலையிலயே அடுப்புல ஏத்திடறாங்க, மச்சான் வந்தா இதெல்லாம் ப்ரூஃபே இல்லாத சமாச்சாரம்னு ஒரே சண்டை. நேர்ல பாத்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்கப்பா.

வடபழனி_வாசு:
நான் பாசிட்டிவ் ஆனப்ப ஒரு காலேஜ்ல போட்டிருந்த சித்தா சென்டர்லதான் இருந்தேன். கஷாயம், ஆவி, மூச்சுப்பயிற்சி, சாப்பாடு எல்லாம் நல்லா இருந்துச்சு, ஒரு மாசமா செத்துப்போயிருந்த வாய்க்கு அந்த மிளகு ரசம் அமிர்தம். ஆனா ஒண்ணு சொல்லியாகணும். எதிர் கட்டில்ல இருந்த பெரியவருக்கு விரல்ல மாட்டுற மெஷின்ல ஆக்சிஜன் 91னு காட்டுனதும் அந்த சித்தா டாக்டரே ஆம்புலன்ஸ் வரவழைச்சு ஆக்சிஜன் இருக்கற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாரு, ஒரு நிமிஷம் யோசிக்கல. அங்க இருந்த நாங்க எல்லாம் லேசான கேஸு, பாதி பேருக்கு சளி கூட இல்ல. நான் குணமானது கஷாயத்தாலயா தானாவான்னு கேட்டா எனக்கு எப்படிங்க தெரியும்?

பார்ம்_அக்கா:
வாசு கடைசியா கேட்டாரு பாருங்க, மொத்த ஆராய்ச்சியும் அங்கதான் மாட்டிக்கிட்டு நிக்குது. நான் எம்.பார்ம் (மருந்தியல் மேல்படிப்பு), ப்ராஜெக்ட்டு நிலவேம்பு. ராசப்பா செட்டி தெருவுல ரெண்டு கடையில பவுடர் வாங்கிட்டு வந்து, சாறு எடுத்து சிலிக்கா தடவுன தட்டுல ஒரு துளி வச்சு சால்வென்ட்ல ஏற விட்டு யூவி லைட்டுக்கு கீழ பாத்தோம். நிலவேம்போட முக்கியமான கசப்புப் பொருள் ஆன்ட்ரோகிராஃபோலைடு, அது இருந்தா கருப்பா ஒரு பொட்டு விழும். ஒரு தட்டுல பொட்டு பளிச்சுன்னு இருக்கு, இன்னொண்ணுல தலைய சாய்ச்சு சாய்ச்சு தேடுறோம், எங்க மேடம் கண்ணாடிய மாத்திட்டு வந்து பாத்தாங்க, அப்பவும் இல்ல. ரெண்டு பாக்கெட்லயும் லேபிள் ஒண்ணுதான்! இது ஒரே ஒரு செடி. கபசுரத்துல இந்த நிலவேம்போட சேத்து சுக்கு, திப்பிலி, ஆடாதோடை, சீந்தில், கோரைக்கிழங்குன்னு 15 சரக்கு. 240 மில்லி தண்ணிய 60 மில்லியா சுண்ட வைக்கணும்னு கணக்கு, ட்ரம்ல ஊத்துனது சுண்டுச்சான்னு யார் பாத்தா? அப்புறம் கபசுரம் வேலை செய்யுதுன்னு சொன்னா எந்த கபசுரம்னு கேப்பாங்கல்ல.

சானடோரியம்_பக்கம்:
அப்போ மச்சான் சொல்றதுதான் சரியாக்கா?

பார்ம்_அக்கா:
அவசரப்படாதீங்க. இருமல் சிரப்புல வர்ற ப்ரோம்ஹெக்சின், ஆடாதோடையில இருக்கற வாசிசின்ல இருந்து பொறந்ததுதான். பிரியாணில போடுற அன்னாசிப்பூ இருக்கே, ஃப்ளூ காய்ச்சலுக்கு கொடுக்கற டாமிஃப்ளூ மருந்துக்கு மூலப்பொருளே அதுல இருந்து எடுக்கற ஷிகிமிக் ஆசிட்தான். (அதுக்காக பிரியாணி சாப்ட்டா ஃப்ளூ போயிடும்னு கெளம்பிடாதீங்க, அந்த ஆசிட்ட மருந்தாக்க லேப்ல அத்தன ஸ்டெப் இருக்கு.) செடியில சரக்கு இருக்கு, ஆனா மனுஷனுக்கு கொடுத்து அளந்து பாக்கணும். கபசுரத்த வைட்டமின் சி, ஜிங்க் கூட ஒப்பிட்டு ட்ரையல் பண்ணி, கொரோனா வைரஸ் அளவு கொறைஞ்சுச்சுன்னு பேப்பர் போட்டாங்க, சந்தோஷம். ஆனா சேத்தது பாசிட்டிவ் ஆனாலும் அறிகுறியே இல்லாதவங்கள, சின்ன குரூப், யாருக்கு எதுன்னு எல்லாருக்கும் தெரியும். மூச்சு வாங்குறவனுக்கு அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. தாய்லாந்துல இதே நிலவேம்பு, டெஸ்ட் டியூப்ல நுரையீரல் செல்லுல வைரஸ நல்லா அடக்குச்சு. அப்புறம் நோயாளிங்ககிட்ட பாத்து நிமோனியா கொறையுதுன்னு ஒரு பேப்பர் வந்துச்சு, 2021ல புள்ளிவிவரக் கணக்குல தப்புன்னு அவங்களே திரும்ப வாங்கிட்டாங்க. அத யாரும் வாட்ஸ்அப்ல ஃபார்வர்ட் பண்ணல பாருங்க.

பெரம்பூர்_லதா:
எங்கம்மா கதையும் கேளுங்க. சீந்தில் பொடி இம்யூனிட்டிக்குன்னு யாரோ சொல்லி தினம் வெறும் வயித்துல, மாசக்கணக்கா. திடீர்னு கண்ணு மஞ்சள், பசியில்ல, டெஸ்ட் எடுத்தா லிவர் என்சைம் எகிறிக்கிடக்கு. நிறுத்துனதும் மெல்ல எறங்குச்சு. அந்த சமயம் மும்பைல இருந்து சீந்தில் சாப்ட்ட ஆறு பேருக்கு லிவர் பாதிப்புன்னு 2021ல பேப்பர் வந்துச்சு, ஆயுஷ் அமைச்சகம் சீந்தில் மேல தப்பு இல்ல, வேற கொடிய மாத்தி எடுத்திருக்கலாம்னு மறுத்தாங்க. எது உண்மையோ, கடையில வாங்குற எங்களுக்கு எந்த கொடின்னு தெரியாதே.

சானடோரியம்_பக்கம்:
மாமனாருக்கு சுகர் மாத்திரை ஓடுது, அவருக்கும் மாமியார் தினம் ஒரு டம்ளர் நீட்டுறாங்க.

பார்ம்_அக்கா:
நிலவேம்புக்கு சுகர கொறைக்கற குணம் இருக்குன்னு எலிகள்ல பாத்திருக்காங்க, கபசுரத்துலயும் அது இருக்கு. அதனால சுகர் பாக்கற டாக்டர்கிட்ட சொல்லிட்டு குடிக்கட்டும், சும்மா தினம் வேணாம். காய்ச்சல் மூணு நாள் தாண்டுனாலோ மூச்சு வாங்குனாலோ கஷாயத்த வச்சுட்டு ஆஸ்பத்திரி போங்க. அப்புறம் இன்பாக்ஸ்ல வந்து எந்த கடைன்னு கேக்காதீங்க, அடுத்த மூட்டையில பொட்டு விழுமான்னு எனக்கே தெரியாது.