கீரிப்பூச்சிக்கு நாய் மேல் பழியா?

கண்ணாடித்தகடு:
நேற்று நலம்விரும்பி இங்கே ஓர் அறிவுரை எழுதியிருந்தார்: "நாய் வளர்க்கும் வீட்டில் குழந்தைக்குக் கீரிப்பூச்சி வந்தே தீரும். புழு போக வேண்டுமானால் முதலில் நாய் போக வேண்டும்." இதற்கு வரிசையாக நன்றி வேறு சொல்லியிருக்கிறார்கள். படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகளாக ஊரார் மலத்தை நுண்ணோக்கியில் பார்த்துப் பிழைப்பவன் நான். கீரிப்பூச்சி நாயிடமிருந்து வராது. பூனையிடமிருந்தும் வராது. அது மனிதனின் சொந்தச் சொத்து. இரவில் பெண்புழு ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிடுகிறது. குழந்தை சொறிகிறது, நகக்கண்ணில் முட்டை ஏறுகிறது, விரல் வாய்க்குப் போகிறது. படுக்கை விரிப்பில் விழுந்த முட்டை இரண்டு வாரம் வரை உயிரோடு இருக்கும். இந்தச் சுற்றில் நாய் எங்கே வருகிறது? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாயின் புழு மனிதக் குடலில் குடித்தனம் நடத்துவதில்லை. ஒருபோதும் இல்லை.

நலம்விரும்பி:
நான் பொதுவாகச் சொன்னேன். நாய்க்குப் புழு உண்டா இல்லையா? உண்டு. நாய் குழந்தையை நக்குகிறதா இல்லையா? நக்குகிறது. இதற்கு மேல் என்ன நுண்ணோக்கி வேண்டும்? எனக்குத் தெரிந்த வீட்டில் நாயை வேறு இடத்துக்குக் கொடுத்தார்கள், ஒரே மாதத்தில் குழந்தை சரியாகிவிட்டது.

கண்ணாடித்தகடு:
அந்தக் குழந்தைக்கு மாத்திரை கொடுத்தார்களா?

நலம்விரும்பி:
மாத்திரையும் கொடுத்தார்கள். அதனால் என்ன?

கண்ணாடித்தகடு:
அதனால் ஒன்றுமில்லை ஐயா. நாயைக் கொடுக்காமல் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் மாத்திரை கொடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி கொடுத்து, நகத்தை வெட்டியிருந்தாலும் இதே கதைதான். நாய் மட்டும் வீட்டோடு இருந்திருக்கும்.

கால்நடையான்:
கீரிப்பூச்சி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் கடைசி வரியில் "ஒருபோதும் இல்லை" என்று ஓர் ஆணி அடித்திருக்கிறீர்களே, அதை மட்டும் கழற்றிவிடுங்கள். அன்சைலோஸ்டோமா சிலானிகம் என்றொரு கொக்கிப்புழு இருக்கிறது. நாய்க்கும் பூனைக்கும் உரியது. மனிதக் குடலிலும் முழுதாக வளர்ந்து, இரத்தம் குடித்து, முட்டையிடுகிறது. இலங்கையில் ஒரு புனுகுப்பூனையின் குடலில் கண்டெடுத்ததை வைத்து 1911இல் லூஸ் அதற்குப் பெயரிட்டார். குடித்தனம் என்றால் இதுதான் குடித்தனம்.

கண்ணாடித்தகடு:
வந்துவிட்டாரா! கீரிப்பூச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது கொக்கிப்புழுவை இழுத்து வருவது உங்கள் வழக்கம். அந்தச் சிலானிகம் தனி இனமே இல்லை. பிரேசிலியன்ஸ் என்ற புழுவுக்கு இன்னொரு பெயர். பழைய பாடநூல்களைப் பாருங்கள்.

கால்நடையான்:
பார்த்தேன். மிகப் பழைய பாடநூல்கள். 1951இல் பையோக்கா இரண்டையும் தனித்தனி இனம் என்று பிரித்துக் காட்டிவிட்டார். பிரேசிலியன்ஸின் இளம்புழு மனிதத் தோலுக்குள் புகுந்து கோடு கோடாக ஊர்ந்துவிட்டுச் செத்துப்போகும், குடலுக்கு வந்து சேராது. சிலானிகம் வந்து சேரும். தென்கிழக்கு ஆசியாவின் சில பகுதிகளில் மனிதர்களிடம் அதிகம் காணப்படும் கொக்கிப்புழுக்களில் அதற்கு இரண்டாம் இடம்.

கண்ணாடித்தகடு:
இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

கால்நடையான்:
பார்த்திருப்பீர்கள், உங்களுக்குத் தெரிந்திருக்காது. கொக்கிப்புழு எந்த இனமானாலும் முட்டை ஒரே மாதிரிதான் இருக்கும். முட்டையை மட்டும் பார்த்து இனம் பிரிக்க எந்த நுண்ணோக்கியாலும் முடியாது, மரபணுச் சோதனை வேண்டும். "கொக்கிப்புழு முட்டை உள்ளது" என்று நீங்கள் கையெழுத்திட்ட சீட்டுகளில் எத்தனை நாயிடமிருந்து வந்தவை என்று உங்களாலேயே சொல்ல முடியாது.

கண்ணாடித்தகடு:
என் கையெழுத்து வரைக்கும் வந்துவிட்டீர்கள். நல்லது. மாட்டுக்கு ஊசி போடுகிறவர் மனிதக் குடலுக்குள் ஏன் வருகிறார் என்று நான் கேட்கவில்லை. சென்ற ஆண்டு உண்ணித் திரியில் நடந்ததை மறக்கவும் இல்லை.

கால்நடையான்:
நானும் மறக்கவில்லை. எல்லா உண்ணிக்கும் எட்டுக் கால் என்று மூன்று நாள் சாதித்தீர்கள். முட்டையிலிருந்து வெளிவரும் இளம் உண்ணிக்கு ஆறே கால் என்று படம் போட்ட பிறகு ஆளையே காணோம்.

கண்ணாடித்தகடு:
வீட்டில் ஒரு திருமணம் இருந்தது.

நடுவிலான்:
இருவருக்கும் ஒரு வேண்டுகோள். "விலங்கிலிருந்து மனிதனுக்கு வரும் குடற்புழு" என்று எதைச் சொல்கிறீர்கள்? முதிர்ந்த புழு நம் குடலில் தங்குவதையா, அல்லது இளம்புழு உடம்பில் வேறெங்கோ அலைவதையும் சேர்த்தா? இதை முதலில் முடிவுசெய்தால் பாதிச் சண்டை தீரும்.

பழைய பேனா:
"குடற்புழு" என்று சரியாக எழுதிய ஒரே மனிதர் நடுவிலான். தளம் முழுக்கக் "குடல்புழு" என்றே எழுதிவைத்திருக்கிறார்கள். இன்னொன்று, கீரிப்பூச்சி என்பதும் பிழை. பூச்சி என்றால் ஆறு கால் வேண்டும். இது காலே இல்லாத புழு.

கண்ணாடித்தகடு:
ஐயா, இங்கே காலைப் பற்றி யாரும் பேசாமலிருப்பது நல்லது.

நிலாமுற்றம்:
எனக்கு மூன்று வயதில் மகன் இருக்கிறான். போன வாரம் ஒரு நாய்க்குட்டி எடுத்து வந்தோம். இந்தத் திரியைப் படித்துவிட்டு என் மாமியார் குட்டியை வாசலில் கட்டச் சொல்கிறார். பயப்பட வேண்டுமா, வேண்டாமா? யாராவது ஒரு வரியில் சொல்லுங்கள்.

கால்நடையான்:
ஒரு வரி போதாது அம்மா. குட்டியை விரட்ட வேண்டாம், மருந்து கொடுங்கள். நாய்க்குட்டிகளில் பெரும்பாலானவை தாயின் வயிற்றிலிருக்கும்போதே டாக்சோகாரா என்ற உருண்டைப்புழுவை வாங்கிக்கொண்டுதான் பிறக்கின்றன. அதனால்தான் பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புழுநீக்க மருந்து கொடுக்கச் சொல்கிறோம். குட்டியின் மலத்தை அன்றன்றே அள்ளி அப்புறப்படுத்துங்கள். மலத்தோடு வெளியே வரும் முட்டை உடனே தொற்றாது, அதற்குள் இளம்புழு உருவாக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஆகவே மடியில் படுத்திருக்கும் குட்டியைவிட, எப்போதோ மலம் கிடந்து மக்கிய மண்தான் ஆபத்து. மண்ணில் விளையாடிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வாயில் வைக்க விடாதீர்கள்.

கண்ணாடித்தகடு:
அம்மா, இவர் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். டாக்சோகாரா மனிதக் குடலில் வாழாது. குடலில் வாழாது! முட்டை பொரிந்து வெளிவரும் இளம்புழு குடற்சுவரைத் துளைத்துக்கொண்டு ஈரல், நுரையீரல், கண் என்று வழிதவறி அலையும். 1950இல் வைல்டர் என்ற பெண் ஆய்வாளர் குழந்தைகளின் கண்களில் புழுவின் இளம்பருவத்தைக் கண்டார். இரண்டு ஆண்டு கழித்து பீவரும் அவருடைய கூட்டாளிகளும் உள்ளுறுப்புகளில் அலையும் நோயை விளக்கினார்கள். கண், ஈரல். குடல் அல்ல. நான் சொன்னது அதுதானே?

நிலாமுற்றம்:
கண்ணுக்குள் போகும் என்பது நல்ல செய்தியா?

கண்ணாடித்தகடு:
நல்ல செய்தி என்று சொல்லவில்லை. குடல் இல்லை என்றேன்.

தாவரன்:
இத்தனை அமளி எதற்கு? நான் மாமிசம் தொடுவதில்லை, நாயும் வளர்ப்பதில்லை. எந்தப் புழுவும் என்னை அண்டாது. வாழ்க்கை முறையை மாற்றிப் பாருங்கள்.

கால்நடையான்:
தாவரன் அவர்களே, 1992இல் ஒரு மருத்துவ இதழில் வந்த செய்தியைக் கேளுங்கள். நியூயார்க்கில் பன்றி இறைச்சியைக் கையாலும் தொடாத வைதிக யூதக் குடும்பங்களில் நான்கு பேருக்கு வலிப்பு வந்தது. மூளையில் பன்றி நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டிகள். வீட்டு வேலைக்கு வந்தவர்களில் யாருக்கோ குடலில் நாடாப்புழு இருந்து, அதன் முட்டை கைவழியாகப் போயிருக்க வேண்டும் என்பதுதான் கண்டறிந்தது. சரியாக வேகாத பன்றி இறைச்சியைத் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். அந்தப் புழுவின் முட்டையை விழுங்கினால் மூளையில் கட்டி வரும். முட்டை சைவமா அசைவமா என்று பார்த்துப் போவதில்லை.

கண்ணாடித்தகடு:
ஆகா! என் வேலையை நீங்களே செய்துவிட்டீர்கள். முட்டை எங்கிருந்து வந்தது? மனிதனிடமிருந்து. குற்றவாளி மனிதன். பன்றி அல்ல.

கால்நடையான்:
அந்த மனிதனுக்கு நாடாப்புழு எங்கிருந்து வந்தது?

கண்ணாடித்தகடு:
பன்றியிடமிருந்து. பன்றிக்கு எங்கிருந்து வந்தது? திறந்தவெளியில் கிடந்த மனித மலத்திலிருந்து.

கால்நடையான்:
அந்த மலத்துக்கு உரிய மனிதனுக்கு?

நடுவிலான்:
இதற்குத்தான் முதலிலேயே வரையறை கேட்டேன்.

தாவரன்:
நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. காய்கறியைக் கழுவித்தான் சமைக்கிறோம்.

நலம்விரும்பி:
எல்லோரும் என்னைக் கேலி செய்தீர்கள். இப்போது நான் ஒன்று சொல்கிறேன். ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் 1924இல் நாய் வளர்ப்பதற்கே தடை போட்டார்கள். காரணம் நாயின் நாடாப்புழு. அரசாங்கமே நாயை வெளியேற்றியிருக்கிறது. நான் சொன்னால் மட்டும் மூடநம்பிக்கையா?

கண்ணாடித்தகடு:
அந்தத் தடை கீரிப்பூச்சிக்காகவா?

நலம்விரும்பி:
புழுவுக்காக.

கண்ணாடித்தகடு:
எந்தப் புழுவுக்காக? எக்கினோகாக்கஸ். அரை அங்குலம்கூட வராத நாடாப்புழு. அதன் முட்டையை மனிதன் விழுங்கினால் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி வரும். குடலில் அல்ல! 1863இல் கிராப்பே என்ற டேனிஷ் ஆய்வாளர் ஐஸ்லாந்துக்குப் போய் நாய்களின் குடலைத் திறந்து பார்த்தார். கட்டி பிடித்த ஆட்டின் உள்ளுறுப்புகளை நாய்க்குப் போடாதீர்கள், எரியுங்கள் அல்லது புதையுங்கள், நாய்க்குப் புழு மருந்து கொடுங்கள் என்று மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பழக்கத்தால்தான் நோய் ஒழிந்தது. தலைநகரத்துத் தடை பிறகு வந்தது. கிராமத்தில் ஆடு மேய்க்கும் நாய் அப்படியே இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதீர்கள்.

நலம்விரும்பி:
தடை போட்டார்களா இல்லையா? ஆம், இல்லை என்று பதில் சொல்லுங்கள்.

கண்ணாடித்தகடு:
கீரிப்பூச்சிக்காகவா? ஆம், இல்லை என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள்.

கால்நடையான்:
சிலானிகத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. இருக்கட்டும், இன்னொன்றும் தருகிறேன். டிப்பிலீடியம். நாய், பூனையின் நாடாப்புழு. குழந்தையின் குடலில் முழுவளர்ச்சி அடையும். அதன் துண்டுகள் அரிசிமணி போலவோ வெள்ளரி விதை போலவோ மலத்தில் வரும், நெளியும். பெற்றோரும் சில மருத்துவர்களும் அதைக் கீரிப்பூச்சி என்றே நினைத்து மெபெண்டசோல் கொடுப்பார்கள். கேட்காது. பிராசிகுவாண்டெல் வேண்டும். ஆக, உங்கள் செல்லக் கீரிப்பூச்சியின் பெயரிலேயே நாய்ப்புழு குடலில் உட்கார்ந்திருக்கிறது. இப்போதாவது "ஒருபோதும்" என்ற சொல்லை எடுப்பீர்களா?

கண்ணாடித்தகடு:
டிப்பிலீடியம் எப்படி வருகிறது என்று ஏன் சொல்லவில்லை? தெள்ளுப்பூச்சியை விழுங்கினால் வருகிறது. குழந்தைக்குக் கொடுத்தது தெள்ளுப்பூச்சி. நாய் கொடுக்கவில்லை.

கால்நடையான்:
அந்தத் தெள்ளுப்பூச்சி எதன் முதுகில் உட்கார்ந்து வந்தது?

கண்ணாடித்தகடு:
உட்கார்ந்து வருவது வேறு, கொடுப்பது வேறு. பேருந்தில் ஒருவன் பணப்பையை அடித்தால் ஓட்டுநரையா பிடிப்பீர்கள்?

கால்நடையான்:
பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

கண்ணாடித்தகடு:
மறுபடியும் கால்! உண்ணித் திரியைக் குத்திக்காட்டாமல் உங்களால் இரண்டு வரி எழுத முடியாதா? நீங்கள் அடுத்து எதைக் கொண்டு வருவீர்கள் என்பதும் எனக்குத் தெரியும், ஆஸ்திரேலியக் கதை. 1990இல் டவுன்ஸ்வில்லில் பிராசிவும் குரோசும் எழுதியது, நாயின் கொக்கிப்புழு மனிதக் குடலைக் கடித்து அழற்சி உண்டாக்கியது. உண்மைதான். ஆனால் எத்தனை புழு? பெரும்பாலும் ஒற்றைப் புழு. முட்டையிட்டதா? இல்லை. முட்டை இல்லாதது குடித்தனமா? அது வழிப்போக்கன் திண்ணையில் படுப்பது.

கால்நடையான்:
நான் அதைச் சொல்லவே இல்லை. நீங்களே எடுத்துப் போட்டு நீங்களே வெட்டிக்கொள்கிறீர்கள். நான் சொன்னது முட்டையிடும் புழு. சிலானிகம்.

நிலாமுற்றம்:
நான் குட்டிக்கு மருந்து வாங்கிவிட்டேன். கால்நடையான் அவர்களுக்கு நன்றி. மாமியார் இன்னும் வாசலைத்தான் காட்டுகிறார்.

நலம்விரும்பி:
மாமியார் அனுபவசாலி.

கண்ணாடித்தகடு:
அம்மா, நன்றியை அவருக்குச் சொல்லுங்கள், பரவாயில்லை. நாய் மேல் பழி போடாதீர்கள் என்று இந்தத் திரியைத் தொடங்கியது நான். உங்கள் குட்டி வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று முதலில் வாதாடியவனும் நான். அதையும் மாமியாரிடம் சொல்லுங்கள்.

பழைய பேனா:
ஓர் ஐயம். "சிலானிகம்" என்று எழுதுகிறீர்களே, மூலச்சொல் சிலோன் என்றால் "சிலோனிகம்" என்றல்லவா வர வேண்டும்?

கண்ணாடித்தகடு:
அது "செய்லானிகம்". பெயரையே சரியாக எழுதத் தெரியாதவர்தான் காலையிலிருந்து எனக்கு அந்தப் புழுவைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்.

கால்நடையான்:
அப்படியொரு புழு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதற்கு மகிழ்ச்சி.

கண்ணாடித்தகடு:
எழுத்துப்பிழையைத் திருத்தினேன். வேறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.